சலான் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் பவர் டேபிள், அதாவது மின் தையல் இயந்திரங்கள் கொண்ட சிறு தையல் கூடம் வைத்து, ஒரே ஏற்றுமதி நிறுவனத்துக்கு 17 ஆண்டுகளாக ஆடை தைத்துக் கொடுத்து வருபவன் நான். எங்களுக்குள் ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூட இருந்ததில்லை. வெட்டிய துணிக்கட்டுகளோடு வரும் டெலிவரி சலான் என்ற சரக்குச் சீட்டும், போனில் பேசி முடித்த பீஸ் ரேட்டுமே (ஒரு பீஸுக்கான தையல் கூலி) போதுமானவையாக இருந்தன. சென்ற ஆண்டு அங்கு நிர்வாகம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறியபோது, எண்ணெய்க் கறை பட்ட பீஸ்களுக்குத் துணி விலையையும் சேர்த்துப் பிடிப்பதா, தையல் கூலியை மட்டும் பிடிப்பதா என்ற கேள்வி எழுந்தது. எடுத்துக் காட்டுவதற்கு இரு தரப்பிடமும் எதுவும் இல்லை.

எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமே என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து மூலமான உடன்பாடு இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மேற்படாமலும், இல்லாவிட்டால் சரக்கை ஏற்றதிலிருந்து 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆனால் வட்டி கேட்டு மனுப் போட்டவருக்கு அடுத்த ஆர்டர் வருமா என்பதை இவ்வூரில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே தொழில் சங்கங்கள், பிடித்தம், குறையும் பீஸ்கள், அவசர ஆர்டருக்கான கூடுதல் கூலி, பணம் தரும் நாள், ஆண்டுதோறும் கூலியைத் திருத்தும் மாதம் ஆகியவை அடங்கிய ஒரு பக்க மாதிரிப் படிவத்தைத் தமிழிலேயே வெளியிட்டால், அதைக் கேட்கும் சங்கடம் எங்களைப் போன்றவர்களுக்கு இராது.

இப்படிக்கு,
பவர் டேபிள் உரிமையாளர் ஒருவர்,
திருப்பூர்.