பிரசங்க நேரம் பற்றி

குழுவில் உள்ள அனைவருக்கும் ஸ்தோத்திரம். பாடல்கள் முடிந்து பிரசங்கம் தொடங்கும்போது சிலர் எழுந்து வெளியே போவது வருத்தமாக இருக்கிறது. பிரசங்கம் கேட்பதும் ஆராதனைதான். வேதாகமத்தின் நெகேமியா புத்தகம் 8-ஆம் அதிகாரத்தில் வேதத்தை வாசித்ததோடு விடவில்லை, ஜனங்களுக்குப் புரியும்படி அர்த்தமும் சொன்னார்கள், கேட்டவர்கள் அழுதார்கள். 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிவைத்த ஞாயிறு ஆராதனையிலும் முதலில் வாசிப்பு, பிறகு போதனை, அப்புறம் எல்லோரும் எழுந்து ஜெபம், அதன்பின் அப்பமும் திராட்சரசமும். கேட்ட வசனத்துக்கு மறுமொழியாகத்தான் அந்த ஜெபம் எழுகிறது என்று நினைக்கிறேன்.

வரும் ஞாயிறுக்கான வேதபகுதியைச் சனிக்கிழமை இரவே இங்கே போடுகிறோம். ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். புரியாத வசனம் இருந்தால் தயங்காமல் குழுவிலேயே கேளுங்கள்.