சுவாமிநாதன் என்னும் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஆண் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் ‘சுவாமிநாதன்’ என்பதற்கு ‘கடவுள், தலைவன்’ என்று மட்டும் பொருள் தரப்பட்டிருந்தது. அது பிழையன்று; ஆனால் அப்பெயருக்கு உயிர் தரும் செய்தி அதில் இல்லை.

இங்கே சுவாமி என்பது சிவபெருமானையே குறிக்கும். பிரணவத்தின் பொருள் தெரியாமல் விழித்த பிரமனைச் சிறையிலிட்ட முருகன், அவனை விடுவிக்க வந்த தந்தைக்கே அப்பொருளை உபதேசித்தான் என்பது கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையின் தலபுராணம். சுவாமிக்கே குருநாதன் என்பதால் சுவாமிநாதன். தகப்பன்சாமி, சிவகுருநாதன் என்னும் பெயர்களும் இக்கதையிலிருந்து பிறந்தவையே. திருமுருகாற்றுப்படை கூறும் ஏரகம் இத்தலமே என்பது மரபு. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை மலைநாட்டு, அதாவது சேரநாட்டுத் திருப்பதி என்று உரை எழுதியிருப்பதையும் ஒரு புறம் நினைவில் கொள்ளலாம். வயல் சூழ்ந்த சமவெளியில் எழுப்பிய கட்டுமலையின் மேல், தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர் தாங்கிய 60 படிகளுக்கு அப்பால் சந்நிதி அமைந்திருக்கிறது.

ஆக, இது கும்பகோண வட்டாரத்தின் ஊர் மணம் கொண்ட பெயர். 1855-இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட தமிழறிஞர் உ.வே.சா.வுக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்பது ‘சாமா’ என்று மருவியிருந்தது. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் விருப்பப்படி சாமிநாதன் என்பதே அவருக்கு நிலைத்தது. பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகத் தில்லியில் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் பிறந்ததும் கும்பகோணத்தில்தான்.

தில்லியில் வாழும் எங்களுக்கு இந்த விளக்கம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சுவாமி என்றதும் காவி உடுத்த துறவியையே நினைக்கும் அண்டை வீட்டாரிடமும், பெயரை இரண்டாக வெட்டி நாதனைக் குடும்பப் பெயராக்கிவிடும் விண்ணப்பப் படிவங்களிடமும் எங்கள் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். இராமகிருஷ்ணபுரம் மலைமந்திரில் 1973 முதல் கோயில் கொண்டிருப்பவரும் இந்தச் சுவாமிநாதரே என்பதைக்கூட அவர்களில் பலர் தம் பெயரோடு பொருத்திப் பார்ப்பதில்லை.

பழனிசாமி, தாயுமானவன், வைத்தியநாதன் போன்ற தலப்பெயர்களை அடுத்த பட்டியலில் சேர்க்கும்போது, பொருளோடு அவை எந்த ஊருக்கு உரியவை என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புது தில்லி