அந்தக் கப்பல் பிறகு வந்து சேர்ந்தது

மஞ்சக்குப்பம், கடலூர்
கார்த்திகை, மழை ஓய்ந்த மாலை

அன்பு மச்சானுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்து ஒன்பது நாளாயிற்று. பதில் இல்லையே என்று உனக்குக் கோபம் இருக்கும். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் இதை உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது. கல்லூரி முடித்துப் பிரிந்த பிறகு மாதம் ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தோமே, அந்தப் பழக்கத்தை விட்டிருக்கக்கூடாதுடா.

இங்கே எல்லாரும் நலம். உன் தங்கச்சி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். மகள் வீட்டில்தானே என்று குளிரில் காதை மூடாமல் திரியாதே என்றும் சொன்னாள். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். நீலம் இத்தனை நீலமா! வலது கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் அதே வானம் பழுப்பேறித் தெரிகிறது. இத்தனை வருஷமும் நான் வரைந்த கடல் எல்லாவற்றிலும் நான் அறியாமல் மஞ்சள் கலந்திருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. பழைய படங்களை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் உன் படங்கள் வந்தன.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் ‘கல்ஃப் ஸ்ட்ரீம்’ படத்தை நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் நேரில் பார்த்துவிட்டாயே! கல்லூரி நூலகத்தில் கறுப்பு வெள்ளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அச்சுப்படம் பார்த்தோம், நினைவிருக்கிறதா? அசல் நான்கடி அகலம் என்று நீ எழுதியதும் மனசுக்குள் அதைப் பெரிதாக்கிப் பார்க்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாய்மரம் முறிந்து, சுக்கான் இல்லாமல் கிடக்கும் சின்னப் படகு. அதில் முழங்கையை ஊன்றிப் படுத்திருக்கும் ஒரு கறுப்பின மனிதர். சுற்றிச் சுறாக்கள். வலப்பக்கம் கடல்நீரை வானம் உறிஞ்சுவதுபோல் ஒரு சுழற்காற்றுத் தூண். அந்த மனிதர் சுறாவையும் பார்க்கவில்லை, அந்தத் தூணையும் பார்க்கவில்லை. முகத்தை அந்தப்பக்கம் திருப்பியிருக்கிறார்.

ஆனால் என்னை உட்காரவிடாமல் செய்தது நீ கூடவே அனுப்பிய பஹாமாஸ் நீர்வண்ணங்கள். 1884 கடைசியில் ஒரு பத்திரிகைக்காக ஹோமர் அந்தத் தீவுகளுக்குப் போனார். பணக்காரர்கள் குளிர்காலத்தில் போய்த் தங்கும் ஊரைப் பற்றிய கட்டுரைக்குப் படம் வேண்டும். அவர் வரைந்தது யாரை? கடற்பஞ்சு எடுக்கப் போகிறவர்களை, பவளம் எடுக்க மூழ்குகிறவர்களை. அதற்கு முன்பே 1881, 82இல் இங்கிலாந்தில் கல்லர்கோட்ஸ் என்ற மீனவ ஊரில் தங்கி, கூடை சுமக்கும் பெண்களையும் கரையில் நின்று கடலைப் பார்க்கும் பெண்களையும் வரைந்து பழகிய கை அது. நம் முதுநகர்த் துறைமுகத்தில் விடியற்காலையில் கூடையோடு நிற்கும் பெண்கள் அந்தப் படங்களைப் பார்த்தால் இடுப்பை வைத்து நிற்கிற நிலையை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அந்த வெயிலை அவர் பிடித்த விதத்தைப் பார். சுண்ணாம்புச் சுவருக்கு அவர் வெள்ளை பூசவே இல்லை, தாளை அப்படியே விட்டுவிட்டார். நிழலை மட்டும் ஊதாவில் போட்டதும் விட்ட தாள் வெயிலாகிக் கண் கூசுகிறது. சில இடத்தில் காயாத வண்ணத்தைச் சுரண்டியும் வெள்ளையை எடுத்திருக்கிறார். நான் இங்கே மாசி வெயிலில் அதைச் செய்து பார்க்கப் போகிறேன். இப்போது ஆகாது. ஈரக் காற்றில் முதல் பூச்சு காய்வதற்குள் காப்பி ஆறி, சோறும் ஆறிவிடுகிறது.

1899இல் வரைந்த அந்தப் புயலுக்குப் பிந்தைய படம், உடைந்த படகுக்குப் பக்கத்தில் மணலில் ஒருவர் கிடக்கிறாரே, அதைப் பார்த்தபோது எனக்கு 2011 டிசம்பர் 30 நினைவுக்கு வந்துவிட்டது. தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு தேவனாம்பட்டினம் கரைக்கு நடந்து போனேன். படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அன்று வானம் அநியாயத்துக்குத் தெளிவாக இருந்ததாகவே என் நினைவு. ஹோமரும் அப்படித்தான் போட்டிருக்கிறார், மேகம் கலைந்துகொண்டிருக்கிறது, வெளிச்சம் வந்துவிட்டது. பார்த்தவனால்தான் அப்படி வரைய முடியும்.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். உப்பனாற்றைத் தாண்டி சிங்காரத்தோப்புக்கு நான் படம் போடப் போவது உனக்குத் தெரியும். அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் போனில் ‘கல்ஃப் ஸ்ட்ரீம்’ படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பெரிசாக்கிக் காட்டச் சொன்னார். படகில் கிடக்கும் கரும்பைத் தொட்டு, “இதாலதான் வாத்தியாரே உயிரோட இருக்கான், சோறும் தண்ணியும் இதுதான்” என்றார். பிறகு அந்த முகத்தை. “சுறாவ எதுக்குப் பாக்கணும்? அது இருக்கறது தெரியும். இவன் எங்கயாவது எதுனா தெரியுதான்னு பாக்கறான்.”

நான் அவரிடம் அந்தக் கப்பலைப் பற்றிச் சொன்னேன். இடது மூலையில், தொடுவானத்தில், மங்கலாக ஒரு கப்பல் இருக்கிறதல்லவா? முதலில் அது இல்லையாம். 1900இல் பிலடெல்பியாவில் காட்டிய பிறகு ஹோமர் படத்தை மறுபடி எடுத்து, ஆழ்கடலைக் கூட்டி, படகின் விளிம்பை உடைத்து, அந்தக் கப்பலையும் சேர்த்தார். பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1902இல் சில பெண்மணிகள் படத்துக்கு விளக்கம் கேட்டபோது, விளக்கம் தேவைப்படும் படத்தை வரைந்துவிட்டேனே என்று தன் பட வியாபாரிக்கு எரிச்சலோடு எழுதினார். கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் அந்த அட்லாண்டிக் நீரோட்டத்தைப் பத்து முறை கடந்தவன் நான் என்றார். அந்த ஆள் காப்பாற்றப்பட்டு வீடு சேர்ந்து சந்தோஷமாக வாழ்வான் என்று அந்தப் பெண்மணிகளிடம் சொல்லிவிடும்படியும் எழுதினார். பார்க்கிறவர்கள் மனசு தாங்காது என்று இரங்கித்தான் கப்பலைச் சேர்த்தார் என்றே நானும் நினைத்திருந்தேன். அது படத்தின் பலத்தைக் குறைத்துவிட்டது என்றுகூட எண்ணினேன்.

பெரியவர் ஊசியைக் கீழே வைத்தார். வாலிபத்தில் ஒரு கார்த்திகை மாதம், அவரும் அண்ணனும் கட்டுமரத்தில் போய்த் துடுப்பை இழந்து நாலு நாள் கிடந்தார்களாம். நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. “மூணாம் நாள் கப்பல் வந்துச்சு. வேட்டிய அவுத்து ரெண்டு பேரும் ஆட்டினோம். இந்தப் படத்துல இருக்கே, அதே மாதிரி, அவ்வளவு தூரம். அது பாட்டுக்குப் போச்சு. கப்பல் வராத ரெண்டு நாளும் நான் அழுவல வாத்தியாரே. அது போன பிறகுதான் அழுதேன்.” மறுநாள் நாகப்பட்டினத்துப் பக்கத்து ஆட்கள் பார்த்துக் கரைசேர்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பது வருஷமாக இந்தக் கரையை வரைகிறேன். தூரத்தில் கப்பல் நின்றால் படத்தைக் கெடுக்கிறது என்று ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டுத்தான் வரைந்தேன். மீனவர் வாழ்க்கையை உள்ளபடி வரைகிறேன் என்று மாணவர்களிடம் வேறு சொல்லியிருக்கிறேன். நேற்று சோணங்குப்பம் படம் ஒன்றை எடுத்தேன், தொடுவானத்தில் விரல்நக அளவு இடத்தை நனைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இன்னும் கைவைக்கத் துணிவு வரவில்லை.

ஒரு உதவி செய்டா. ஊர் திரும்புவதற்குள் இன்னொரு முறை அந்த மியூசியத்துக்குப் போ. மற்றதெல்லாம் பார்க்க வேண்டாம். இடது மூலைக்குப் போய்க் கிட்டத்தில் நின்று பார்த்து எழுது: அந்தக் கப்பலை வானத்தின் மேலேயே மெல்லிசாக வைத்திருக்கிறாரா, இல்லை அந்த இடத்தை மறுபடி பூசிவிட்டு வைத்தாரா? விளிம்பு மங்கலா, கூர்மையா? பாய் என்ன சாம்பல், நீலம் தட்டியதா, பழுப்பா? காவலாளி திட்டாத தூரம் வரை கிட்டப் போ.

உன் பதில் வரும்வரை ஈரத் தாள் மேஜையில் இருக்கும்.

அன்புடன்,
உன் மச்சான்