இரண்டு மாடலும் பொருந்துகிறதா?

அன்புள்ள கயலுக்கு,

செல் வளர்ச்சி வேகத்தைக் குளுக்கோஸ் அளவிலிருந்து கணிக்கும் மோனோட், கோன்ட்வா மாடல்கள் இரண்டுமே உன் ஈஸ்ட் தரவுக்குப் பொருந்துவதாகவும், அதே பேட்ச் சோதனையை (எல்லாச் சர்க்கரையையும் தொடக்கத்திலேயே போட்டு ஓட்டுவதை) இன்னும் நான்கு தடவை ஓட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். வேண்டாம்டி. தடவை கூடினால் பிழைக்கோடுகள்தான் சுருங்கும், மாடல்கள் பிரியாது.

அதிகபட்ச வளர்ச்சி வேகம் மணிக்கு 0.4, அரைச்செறிவு மாறிலி (வேகம் அதில் பாதியாகும் குளுக்கோஸ் அளவு) லிட்டருக்கு 0.2 கிராம் என்று வைத்துப் பார். குளுக்கோஸ் 10 கிராம் இருக்கும்போது வேகம் 0.392; 2 கிராமுக்கு இறங்கினாலும் 0.364. அந்த மாறிலி வெளிப்படுவதே கடைசி ஒரு கிராமில்தான். செல் அடர்த்தி 5 கிராம் என்றால் அந்தக் கட்டம் அரைமணிக்குள் முடிந்துவிடும். நீயோ மணிக்கு ஒரு சாம்பிள் எடுக்கிறாய். போதாததற்கு, அத்தனை சர்க்கரை இருந்தால் காற்று கொடுத்தாலும் ஈஸ்ட் எத்தனால் செய்யும். அது உன் இரண்டு மாடலிலும் இல்லை. இந்தத் தரவைத் தொடக்க மதிப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்.

மாடல்கள் எங்கே முரண்படுகின்றன என்று முதலில் கணக்குப் போடு. கோன்ட்வாவில் அரைச்செறிவு செல் அடர்த்தியோடு சேர்ந்து ஏறும். ஆகவே ஊட்டக் கரைசல் உள்ளே வர அதே அளவு வெளியேறும் தொடர் ஓட்டத்தில், நீர்ப்பு வேகத்தை (மணிக்குக் கலத்தின் எத்தனை பங்கு மாறுகிறது என்பதை) மணிக்கு 0.2 என்று நிறுத்தி, ஊட்டத்தின் குளுக்கோஸை மட்டும் மாற்று. மோனோட் சரியென்றால் எஞ்சும் குளுக்கோஸ் 0.2 கிராமிலேயே நிற்கும். கோன்ட்வா சரியென்றால் ஊட்டத்தோடு நேர்விகிதத்தில் போகும்: 20 கிராம் ஊட்டத்தில் இரண்டும் 0.2 என்று ஒத்துப்போனாலும், 5 கிராமில் 0.05, 35 கிராமில் 0.35.

மாடல்களைப் பிரிக்கும் சோதனை நிலையைக் கணினியில் தேடும்போது, இரண்டு முன்கணிப்புகளின் வித்தியாசத்தின் வர்க்கத்தை மட்டும் பெரிதாக்காதே. அப்படிப் பெரிதாக்கச் சொன்னவர்கள் 1965-இல் ஹன்ட்டரும் ரெய்னரும். ஆனால் அளபுருக்கள் (மாடலில் உள்ள மாறிலிகள்) சரியாகத் தெரியாத மூலைக்கே அது உன்னை இழுத்துப்போகும். அளவீட்டு வேரியன்ஸ் (சிதறல்), முன்கணிப்பு வேரியன்ஸ் இரண்டையும் கூட்டி, அந்த வர்க்கத்தை அதனால் வகுத்துவிடு.

ஊட்டத்தின் குளுக்கோஸை 35-இலிருந்து 5-க்கு இறக்கு. 5-இலிருந்து ஒரேயடியாக 35-க்குத் தாவினால் மணிக்கு 7 கிராம் குளுக்கோஸ் வந்து விழும்; 5 கிராம் ஊட்டத்தில் வளர்ந்திருக்கும் 2.5 கிராம் செல்லால் மணிக்கு 2 கிராமுக்கு மேல் தின்ன முடியாது, மீதி எத்தனாலில் போய் முடியும். அதனால் முதலில் 35-ஐ எட்டவும் படிப்படியாகவே ஏற்று. இறங்கும்போது பழைய செல் கழுவிப்போக நேரம் பிடிக்கும்: 20 மணி கழித்தும் செல் அடர்த்தி இறுதி மதிப்பைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக இருக்கும். காத்திருந்து கடைசிப் புள்ளியை மட்டும் எடுக்காமல் இடைப்பட்ட நேரத்திலும் சாம்பிள் எடு; இயக்க மாடலுக்குத் தகவல் அங்கேதான் இருக்கிறது.

ஏமாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று ஆக்சிஜன். 35 கிராம் ஊட்டத்தில் செல் 17 கிராமை நெருங்கும். காற்றோட்டம் போதாவிட்டால் செல் கூடக்கூட வளர்ச்சி தடுமாறும். பார்ப்பதற்கு அச்சு அசலாகக் கோன்ட்வாதான். கரைந்த ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போன நேரத்துத் தரவைச் சேர்க்காதே. வெளிவாயுவை அளந்து, உருவான கார்பன் டை ஆக்சைடுக்கும் செலவான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் 1-ஐத் தெளிவாகத் தாண்டினால் எத்தனால் வருகிறது என்று பொருள், அதையும் தள்ளிவிடு.

மற்றது உன் சாம்பிள் குழாய். 17 கிராம் செல் மணிக்கு 7 கிராம் வீதம் குளுக்கோஸைத் தின்கிறது. குழாயிலும் சிரிஞ்சிலும் 10 விநாடி இருந்தாலே கிட்டத்தட்ட 0.02 கிராம் போய்விடும். ஒரு நிமிடம் என்றால் சுமார் 0.1 கிராம் காணாமல் போகும். செல் அடர்த்தி அதிகமுள்ள இடத்தில் இழப்பும் அதிகம் என்பதால், கோன்ட்வா உண்மையாக இருந்தாலும் மோனோட் போலத் தெரியும். சிரிஞ்சிலேயே வடிகட்டியை மாட்டி, எடுத்த கையோடு வடிகட்டி, பனிக்கட்டியில் வை. குழாயில் தேங்கியதை முதலில் கொட்டிவிடு.

ஒரே நிலையில் இரண்டு மூன்று சாம்பிள் எடுத்தால் அளவீட்டு வேரியன்ஸ் கிடைக்கும்; மாடல் தரவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனைக்கு அது வேண்டும். அதில் இரண்டு மாடலும் தோற்றால் மூன்றாவதைத் தேடு. ஒன்று நின்றால், அடுத்த சோதனையை அதன் அளபுருக்களைக் கூர்மையாக்க, அவற்றின் மொத்த நிச்சயமின்மையைக் குறைக்கும் டி-உகப்பு முறையில் வடிவமை.

ஓட்டத்துக்கு முன்னால் உன் ஊட்டத் திட்டத்தையும் சாம்பிள் நேரங்களையும் அனுப்பு, பார்க்கிறேன்.

அம்மா