கேக்கில் ஊற்றுவதை மூச்சில் இழுக்கலாமா? புதுச்சேரிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியில் பெட்டிக்கடை, கைபேசிக் கடை, பரிசுப் பொருள் கடை நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

நானும் உங்களைப் போல் கல்லாவில் உட்காருகிறவன்தான். முத்தியால்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக பேக்கரி நடத்துகிறேன். மைதாவும் எசன்ஸும் என் பிழைப்பு.

சென்ற மாதம், எங்களிடம் மாவு பிசையும் பையனின் சட்டைப் பையிலிருந்து ஏதோ ஒன்று பலகையில் விழுந்தது. மார்க்கர் பேனா என்று எடுத்தேன். மாம்பழ நிறம். வாய் வைக்கும் நுனியில் பல் பட்ட தடம். ஈஸ்ட் வாசனைக்கு நடுவே அது மட்டும் செந்தூராவாக மணத்தது. கேட்டதற்கு, "வேப் அண்ணே. நாம் கேக்கில் ஊற்றுகிற எசன்ஸ்தான் இதிலும் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று விற்றவரே சொன்னார்" என்றான். வேப் என்றால் மின்சிகரெட். வாசனைத் திரவத்தைச் சுடவைத்து, வரும் ஆவியை மூச்சில் இழுக்கிற குழாய். அவனுக்கு வயது பத்தொன்பது.

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. காரணம், அதில் பாதி உண்மை. அந்தத் திரவத்தில் இருக்கும் கிளிசரின் என் கடையிலும் இருக்கிறது. ஐசிங் காய்ந்துபோகாமல் இருக்கச் சேர்ப்போம். புரொப்பிலீன் கிளைக்கால் பல எசன்ஸ்களைக் கரைத்து வைத்திருக்கும் திரவம். வாசனைப் பொருள்களும் ஒரே குடும்பம். மிச்சப் பாதியைத்தான் விற்றவர் சொல்லவில்லை.

வெண்ணெய் எசன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மணத்துக்குப் பேர்போனது டைஅசிட்டைல். உறைகுத்திக் கடைந்த வெண்ணெயிலேயே இயல்பாகத் துளியளவு உண்டு. சாப்பிட்டால் இரைப்பை பார்த்துக்கொள்ளும். ஆனால் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேர் கடும் மூச்சுத்திணறலுடன் வந்தது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவர்கள் செய்த குற்றம், சூடான வெண்ணெய் எசன்ஸின் ஆவியை நாள் முழுவதும் சுவாசித்ததுதான். நுரையீரலின் மிக மெல்லிய காற்றுக்குழல்களில் புண்ணாகி, ஆறும்போது தழும்பு கட்டி, வழி அடைத்துக்கொள்ளும் நோய் அது. அடைத்த வழி மறுபடி திறப்பதில்லை. 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 51 வகை வேப் சுவைகளைச் சோதித்தபோது 39இல் இதே டைஅசிட்டைல் இருந்தது. வேப் பிடிப்பவர்களுக்கெல்லாம் அந்த நோய் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். ஆவியாக உள்ளே போகக் கூடாத பொருள் சோதித்த அந்த வேப்களில் இருந்தது என்கிறேன்.

இன்னொன்று வைட்டமின் ஈ அசிடேட். மாத்திரையிலும் முகக் கிரீமிலும் இருக்கிறது, யாரும் பயப்படுவதில்லை. 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்த இளைஞர்கள் திடீரென்று நுரையீரல் வெந்துபோனவர்களைப் போல மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர். அவர்களில் 68 பேர் இறந்துவிட்டார்கள். நோயாளிகள் 51 பேரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், 48 பேரிடம் இந்த வைட்டமின் ஈ அசிடேட் எண்ணெய் இருந்தது. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த வேப்களில், அதைக் கெட்டியாகக் காட்ட ஊற்றிய கலப்படம் அது. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனின் அதே புத்தி.

உங்கள் கைக்கு வரும் பெட்டியில் என்ன ஊற்றியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? என் எசன்ஸ் புட்டியில் உணவு உரிம எண் இருக்கும், காலாவதித் தேதி இருக்கும். கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும். அந்த மாம்பழக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிரிக்கும் மாம்பழப் படம் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. எசன்ஸ் உற்பத்தியாளர்களின் அமெரிக்கச் சங்கமே, தாங்கள் தரும் பாதுகாப்புச் சான்று உண்பதற்கு மட்டும்தான், மூச்சில் இழுப்பதற்கு அல்ல என்று சொல்லிவிட்டது. அதோடு, அந்தத் திரவத்தைக் கம்பிச்சுருள் சுடவைக்கும்போது கிளிசரினும் கிளைக்காலும் உடைந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகின்றன. வாணலியில் எண்ணெய் கருகினால் கண் எரிகிறதே, அதற்கு ஒரு காரணம் இந்த அக்ரோலின்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் நாடு முழுவதும் இந்தச் சரக்குக்குத் தடை. விற்று முதல்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தாலே ஆறு மாதம், ஐம்பதாயிரம் வரை போகும். தண்டனை முழுவதும் தயாரிக்கிறவன், கொண்டுவருகிறவன், விற்கிறவன், விளம்பரம் செய்கிறவன் தலையில்தான். அதாவது நம் தலையில். "வார இறுதியில் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள், நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அடுத்த கடைக்காரரும் இதை அப்படியே சொல்கிறார்.

கல்லாவுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். புதிதாக வாங்காதீர்கள். பள்ளிச் சீருடையில் வந்து மெல்லிய குரலில் கேட்கும் பிள்ளையிடம் "எசன்ஸ்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் கடைக்கு வாருங்கள். அடுப்பு சூடாக இருக்கும், டீ சொல்கிறேன். வெண்ணெய் எசன்ஸ் புட்டியின் மூடியைத் திறந்து காட்டுகிறேன். மூக்கருகே கொண்டுபோக வேண்டாம், ஒரு கை தூரத்தில் நின்றாலே தெரியும்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை பேக்கரிக்காரன்