அச்சன் படிக்க முடியாத கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். மழை தொடங்கியதும் உன் அச்சனுக்கு முட்டிவலி கூடியிருக்கிறது, அது வருஷா வருஷம் உள்ளதுதான். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் எடுத்தால் ஸ்பீக்கரைப் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இதை அவர் காதுபடச் சொல்ல முடியாது. மலையாளி மனுஷன், தமிழ் எழுத்து அவருக்கு பஸ் போர்டு வரைக்கும்தான்: பந்தலூர், கூடலூர், சேரம்பாடி. அதனால் அவர் எதிரிலேயே உட்கார்ந்து தைரியமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். என் முட்டியைப் பற்றி எழுதாதே என்றார்.

மே மாதம் நம் ஊரில் இலக்கிய விழா நடந்ததே, படம்கூட அனுப்பினேன். நீ கட்டைவிரல் ஒன்று போட்டுவிட்டுப் போய்விட்டாய். அந்த இரண்டு நாளில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

நூலகத்தில் கூடும் பசங்கள் ஏற்பாடு. ஒரே நோட்டீசில் மேலே தமிழ், கீழே மலையாளம். சண்டை வரக்கூடாதென்று பாதி நோட்டீசைத் தலைகீழாக மாற்றியும் அடித்தார்கள். மலையாளத்தைத் தமிழாக்கின பையன் "காலை 10 மணிக்கு யோகம்" என்று அப்படியே போட்டுவிட்டான். மலையாளத்தில் யோகம் என்றால் கூட்டம். டான்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) லைன் வீடுகளிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "பத்து மணிக்கு யாருக்குடா யோகம்?" என்று வாசலிலேயே கேட்டார்.

ஆறு மணிக்கு மேல் யானை இறங்கும் என்பதால் இரண்டு நாளும் ஐந்தரைக்குள் முடிக்க ஏற்பாடு. ஆனால் தொடங்கவே பதினொன்றரை ஆனது. கேரளத்துச் சுல்தான் பத்தேரியிலிருந்து வர வேண்டிய கதைக்காரர் இ-பாஸ் எடுக்காமல் காரில் வந்துவிட்டார். 2024 மே 7-லிருந்து நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு அது வேண்டும் அல்லவா. போனில் எடுத்துவிடலாம் என்றால் அவர் போனில் சிக்னல் இல்லை. தாளூர் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கமே காரை நிறுத்திவிட்டு பஸ் ஏறி வந்து சேர்ந்தார், பாவம். இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க ஒரு கல்லூரி வாத்தியாரை அழைத்திருந்தார்கள். அவர் வரவே இல்லை. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, வழியெல்லாம் வண்டி. "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டார்கள். அங்கன்வாடியில் அத்தனை வருஷம் ஒரு பிள்ளைக்கு மலையாளத்திலும் ஒரு பிள்ளைக்குத் தமிழிலும் சோறு ஊட்டினவள்தானே, இதுவும் அப்படித்தான் என்று ஏறிவிட்டேன்.

ஒரு பேச்சாளர் ஊர்க் கதை சொன்னார். நம் கூடலூர், பந்தலூர் எல்லாம் 1877-ல்தான் நீலகிரியோடு சேர்ந்ததாம். அதுவரை மலபார் மாவட்டத்து வயநாடு. கொஞ்ச நாளிலேயே தேவாலாவில் தங்கம் இருக்கிறது என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் மலையைக் குடைந்து, போட்ட பணம் திரும்பாமல் ஓடின கதையும் சொன்னார். அப்புறம் இலங்கையிலிருந்து வந்த எங்களைப் பற்றியும் வந்தது. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்ற கணக்கு, 1968-ல் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று தொடங்கின அரசு தேயிலைத் தோட்டம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்ற எட்டு வயதுப் பிள்ளையை அந்த எண்ணுக்குள் வைத்து நான் இதுவரை யோசித்ததே இல்லை. அதையும் மலையாளத்தில் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

மூன்று மணிக்குக் கோடை மழை. தகரக் கூரை. கோயம்புத்தூர் கவிஞர் கவிதை படிப்பதும் கேட்கவில்லை, நான் மொழிபெயர்ப்பதும் கேட்கவில்லை. மழை விட்டதும் முதலிலிருந்து படித்தார். முதல் தடவையே நன்றாக இருந்தது போலத் தோன்றியது. கப்பையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கட்டஞ்சாயாவும் கொடுத்தோம், அதற்குத்தான் அதிகம் கைதட்டல்.

பத்தேரிக்காரர் மலையாள எழுத்தாளர் பஷீரைப் பற்றிப் பேசினார். வீட்டில் பேசுகிற பேச்சை அப்படியே எழுதி, இலக்கண வாத்தியார்களிடம் திட்டு வாங்கினவராம். அதற்குப் பதிலாகக் கோயம்புத்தூர்க் கவிஞர், தமிழ் எழுத்தாளர் சுந்தர ராமசாமியைச் சொன்னார். மலையாளத்துத் தகழியின் நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், ஆனால் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். தமிழ் எழுதப் படிக்கப் பதினெட்டு வயதுக்குப் பக்கத்தில்தான் கற்றுக்கொண்டாராம். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பணியர் பழங்குடிப் பெண் எழுந்தது. கல்லூரியில் படிக்கிற பிள்ளை. "இருமொழி ஊர்னு போட்டிருக்கீங்களே, எங்க பேச்சு எதுல சேர்த்தி?" என்று நல்ல தமிழில் கேட்டது. யாருக்கும் பதில் இல்லை. எனக்கும்தான். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் நான்தானே சோறு ஊட்டினேன், ஊட்டினதெல்லாம் நம் இரண்டு மொழியில். மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம் பதினைந்து நிமிஷம் ஒதுக்கினார்கள். துடியும் குழலுமாக நாற்பது நிமிஷம் போனது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் மாலை ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிஷம். நாலாவதாக உன் அச்சன் எழுந்து வருகிறார், கையில் சுருட்டின நோட்டு. கடைக் கடன் எழுதும் பற்று நோட்டைத் தவிர அவர் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நான் மலையாளம் பேசுவேனே தவிர ஒரு எழுத்து படிக்க மாட்டேன். ஒரே வீட்டில் இத்தனை வருஷம், அவர் எழுதியதை நான் படித்ததில்லை, நான் எழுதியதை அவர் படித்ததில்லை. யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது.

அவர் படித்தது 1985 ஆடி மாதத்துக் கதை. கவலயில் அவருடைய சாயாக்கடை. (அவர்களுக்குக் கவல என்றால் முச்சந்தி. கல்யாணத்துக்கு முன்னால் "மாப்பிள்ளைக்குக் கவலையில் கடை" என்று யாரோ சொல்லி, அம்மாச்சி ஒரு வாரம் தூங்கவில்லை.) குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை. விடியற்காலையில் ஒரு தமிழ் அம்மா லைன் பக்கத்திலிருந்து, "வெள்ளம் வந்துருச்சு, வெள்ளம் வந்துருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார். அச்சன் மொழியில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். சந்தோஷமாக இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாராம். போய்ப் பார்த்தால் ஓடை உடைத்து லைன் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், நடுவில் குடத்தோடு இவர்.

மேடையில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது, அழுகையில் இல்லை, எப்படிச் சொல்வது என்று தெரியாமல். தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால் கதையே போய்விடும். வெள்ளம் என்று சொன்னால் குடம் எடுத்தவன் பைத்தியக்காரன் ஆகிவிடுவான். அந்தச் சொல்லைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி இருந்ததை மட்டும் தமிழாக்கினேன். ஊர் அதற்கு முன்னாலேயே சிரித்து முடித்திருந்தது. கோயம்புத்தூர்க் கவிஞர் மட்டும் பக்கத்து ஆளிடம் கேட்டுத் தனியாகச் சிரித்தார்.

இதுவரை எனக்குத் தெரிந்த கதைதான். குடத்தோடு வந்த ஆளைக் கட்டிலில் ஏறி நின்று பார்த்தவள் நான். அதற்கு மேல்தான் தெரியாதது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதங்களை எல்லாம் மாமா காய வைத்தார் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். இவர் கடைக்கு எடுத்துப் போய், சமோவர் மேல் துணி போட்டு ஒவ்வொன்றாகக் காய வைத்தாராம். கண்டியில் எங்களுக்குக் கொடுத்த ஃபேமிலி கார்டும் அதில் ஒன்று. குடும்பமாக எடுத்த போட்டோ ஒட்டினது. அதைப் பற்று நோட்டின் மேல் வைத்திருக்கிறார். எடுக்கும்போது, கடைசியில் நின்ற பெண்குட்டியின் முகம் மட்டும் உரிந்து நோட்டில் ஒட்டிக்கொண்டது, "நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை" என்று படித்தார்.

அந்த வரியை நான் தமிழில் சொல்லவில்லை. "கார்டு காய்ந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறைத்து என்ன பயன், எல்லோருக்கும் இரண்டும் தெரியும். முன்வரிசையில் ஒரு கிழவி, "டீச்சர், ஒரு வரி விட்டுப் போச்சு" என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தாள்.

நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. அன்றைக்கு ராத்திரி போட்ட சண்டை மாதிரி நாங்கள் போட்டு வெகுநாள் ஆகிறது. அந்தக் கார்டில் என் முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கும், நீயும் பார்த்திருக்கிறாய். அங்கன்வாடி வேலைக்குச் சர்டிபிகேட் கேட்டபோது அந்த வெள்ளைக்காக ஒரு வருஷம் அலைந்தேன். ஒரு ஆபீசில், "இதில் இருப்பது நீதான் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார்கள். என் கூடவே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, வெயிலில் எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தவர் இவர். ஒரு வார்த்தை சொன்னாரா? கேட்டால், "கொடுத்தா திரும்ப ஒட்டுமா?" என்கிறார். அதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் அவர் ரேஷன் கடைக்குப் போனதும் பரண் மேல் ஏறினேன். (திட்டாதே, ஏணியைப் பக்கத்து வீட்டுப் பையன் பிடித்துக்கொண்டான்.) பழைய பற்று நோட்டு பதினொன்று. வருஷத்தை எண்ணில் போட்டிருந்ததால் 1985-ஐ எடுக்க முடிந்தது. புரட்டிப் பார்த்தேன், கிடைத்தது. நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு பழுப்பு. முகம் என்று சொன்னால் முகம். சுற்றிலும் எழுத்து. அது என்ன என்று இவரிடம் கேட்க மானம் விடவில்லை.

அதனால் அந்தப் பையனிடமே மலையாள எழுத்து கற்றுக்கொள்கிறேன். இரண்டாம் வகுப்பு படிக்கிறான், சம்பளம் தினம் ஒரு முறுக்கு. உ நம் உ மாதிரியேதான் இருக்கிறது, மற்றதெல்லாம் படுத்துகிறது. 1971-ல் கேரளத்தில் எழுத்தைச் சீர்திருத்தினார்களாம், அச்சன் அதற்கு முன்னால் எழுதப் பழகினவர். அவருடைய கூட்டெழுத்து சிலது பையனுக்கே தெரியவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. 1978-ல் தமிழ் எழுத்தை மாற்றின பிறகும் நான் பழைய தும்பிக்கை 'லை'யைத்தானே போடுகிறேன், நீ சின்னதில் என் லீவ் லெட்டரைத் திருத்துவாய். சுந்தர ராமசாமிக்குப் பதினெட்டு, எனக்கு அறுபத்தொன்று. பரவாயில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவர் மேடையில் படித்த நோட்டு வேறு, அது நிறைய இருக்கிறது போல. அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஓசூரில் உன்னுடன் வேலை செய்கிற பாலக்காட்டுப் பையனிடம் படிக்கச் சொல்லி, நீ கேட்டுத் தமிழில் எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே. பாப்பாவைப் பள்ளி லீவுக்கு அனுப்பு, அவள் என்னைவிடச் சீக்கிரம் எழுத்தைப் பிடித்துவிடுவாள். மிளகு அரைக் கிலோவும் தேயிலைத்தூளும் அடுத்த வாரம் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எழுத்து கற்றுக்கொள்ளத் தொடங்கி மூன்று வாரம் ஆயிற்று. நேற்று அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். மேலே அம்மாச்சியின் பெயர். பழுப்புக்கு நேர் கீழே: சர்க்கர, அரைக் கிலோ. அவர்கள் பேச்சில் சர்க்கர என்றால் வெல்லம். மற்ற வரியெல்லாம் காசு வாங்கிக்கொண்டு அடித்திருக்கிறார், அதை மட்டும் அடிக்கவில்லை. சாயங்காலம் அவர் முன்னால் எட்டணாவை வைத்து, எங்கள் அம்மா பாக்கி என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்றைக்கு வெல்லம் என்ன விலை தெரியுமா என்கிறார்.

அன்புடன்,
அம்மா