‘ரத்தம் கெட்டி’க்குத் தண்ணீர் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இதயச் செயலிழப்பு (இதயம் போதிய விசையோடு ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) உள்ளவர்களுக்கு வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் தாராளமாகக் கிடைக்கும் ஆலோசனை ஒன்று உண்டு: “ரத்தம் கெட்டியாயிடுச்சு, நிறைய தண்ணி குடிங்க.” ரத்தம் கெட்டிப்படுவது மெய்தான். அதற்குச் சொல்லப்படும் காரணமும் வைத்தியமும்தான் பிசகு.

உணவங்காடிக் கடையில் சில்லி சாஸ் போத்தலைக் கவிழ்த்தால் முதலில் ஒன்றும் வராது. நான்கு உலுக்கு உலுக்கினால் மளமளவென்று கொட்டும். ரத்தமும் அந்த இனம்தான். வேகமாக ஓடும்போது அதன் பிசுக்கு, அதாவது கெட்டித்தன்மை, தண்ணீரைப்போல் நான்கைந்து மடங்கு. ஓட்டம் மந்தமானால் பத்து மடங்கையும் தாண்டும். தட்டுத் தட்டாக இருக்கும் சிவப்பணுக்கள், வேகம் குறைந்ததும் காசு அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டவைக்கும் பசை ஃபைப்ரினோஜன் என்ற புரதம். உடலில் அழற்சி இருந்தால் அது கூடும். இதயச் செயலிழப்பில் லேசான அழற்சி பலருக்கும் இருக்கிறது.

ஆக, இதயத்தின் தள்ளு விசை குறைவதால் ஓட்டம் மந்தமாகிறது, மந்தமாவதால் ரத்தம் தடிக்கிறது. தண்ணீர் போதாமல் அல்ல. சொல்லப்போனால் இவர்கள் உடலில் நீர் ஏற்கெனவே மிகுதி. ரத்தம் போதவில்லை என்று எண்ணிக்கொள்ளும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. மேலும் 2 லிட்டர் குடித்தால் அது கணுக்காலிலும் நுரையீரலிலும்தான் போய்த் தங்கும். இரவில் படுக்க முடியாமல் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டியதுதான்.

மருத்துவர் ஒரு நாளைக்கு 1.5 லிட்டர் என்று வரம்பு சொல்லியிருந்தால் அதைக் கடைப்பிடிக்க எளிய வழி: காலையில் அந்த அளவு தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பி வையுங்கள். ஒரு கோப்பை தே குடித்தால் அதே கோப்பையில் தண்ணீர் அளந்து போத்தலிலிருந்து கொட்டிவிடுங்கள். ரசம், கஞ்சி, மீன் சூப் எல்லாமே கணக்கில் சேரும். போத்தல் காலியானால் அன்றைய பங்கு முடிந்தது. உப்பைக் குறைக்காமல் இதை மட்டும் செய்தால் தாகம் ஆளை விடாது. ஒரு தேக்கரண்டி உப்பில் சுமார் 2 கிராம் சோடியம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அதற்கு மேல்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிப்பதிலும் குழப்பம் உண்டு. ஹெமட்டோக்ரிட் என்பது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. கால் வீங்கியிருக்கும்போது அது 36 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நீர் மாத்திரையால் ஒரு வாரத்தில் 3 கிலோ இறங்கியபின் 40 காட்டலாம். புது ரத்தம் ஊறிவிடவில்லை; கலந்திருந்த நீர் வெளியேறியிருக்கிறது. அதனால் பரிசோதனைத் தாளின் ஓரத்தில் அன்றைய எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எடையைக் காலையில், சிறுநீர் கழித்தபின், பசியாறுமுன், ஒரே தராசில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி எடை மளமளவென்று இறங்கினாலும் மருத்துவரை அழையுங்கள். பின்னது நீர் அளவுக்கு மீறிப் போனதன் அடையாளம். அப்போது ரத்தம் நிஜமாகவே வற்றித் தடிக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு நாள்களிலும் விரத நாள்களிலும் இது நேரும். அந்நாள்களில் நீர் மாத்திரையை எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் டப்பகிளிஃப்ளோசின், எம்பகிளிஃப்ளோசின் மாத்திரைகளும் ஹெமட்டோக்ரிட்டை 2, 3 புள்ளி ஏற்றும். அது எதிர்பார்த்ததே. “ரத்தம் கெட்டியாகிறது” என்று பயந்து, நன்மை செய்யும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் வினை.

இரும்புச்சத்துக் குறைவு தனிக் கதை. 8 மைக்ரான் அகலச் சிவப்பணு, அதைவிடக் குறுகிய தந்துகிக்குள் (மிக நுண்ணிய ரத்தக்குழாய்) வெற்றிலைபோல் மடிந்துதான் நுழைகிறது. இரும்பு குறைந்த அணு விறைப்பாகி அவ்வளவு எளிதில் மடிவதில்லை. ஹீமோகுளோபின் சரியாக இருப்பவர்களுக்கும் இக்குறை இருக்கலாம் என்பதால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்பது) இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதயச் செயலிழப்பில் ஃபெரிட்டின் 100க்குக் கீழ் என்றாலே குறைவுதான். வாய்வழி இரும்பு மாத்திரை இவர்களுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. ரத்தக்குழாய் வழி ஏற்றும் இரும்பு உதவுகிறது.

நெடுநேரம் உட்கார்ந்திருப்பவர்கள் மணிக்கொருமுறை குதிகாலை 20 தடவை உயர்த்தி இறக்கலாம். கெண்டைக்காலில் தேங்கும் ரத்தத்தை நகர்த்த அந்தத் தசையே பம்பு.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றி. வார்ஃபரின், அப்பிக்சபான் போன்றவற்றை ‘ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை’ என்கிறோம். அவை ரத்தத்தின் பிசுக்கைத் துளியும் குறைப்பதில்லை. கட்டி உறைவதைத்தான் தடுக்கின்றன. இதயச் செயலிழப்பு உள்ள எல்லாருக்கும் அவை தேவையுமில்லை. நாடித்துடிப்பு சீராக உள்ளவர்களிடம் 2012இலும் 2018இலும் வெளியான பெரிய ஆய்வுகள், இத்தகைய மருந்தால் ஒட்டுமொத்தத்தில் பெரிய ஆதாயம் காணவில்லை. துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கோ பக்கவாதத்தைத் தடுக்கும் அரண் அதுவே. அப்படிப்பட்ட ஒருவர், ஹீமோகுளோபின் குறைவு என்ற தாளைப் பார்த்துவிட்டு, “ஏற்கெனவே ரத்தம் மெலிசு, இன்னும் எதற்கு மெலிதாக்க?” என்று மாத்திரையை நிறுத்தினால் குற்றம் அவருடையது அல்ல, நாம் சூட்டிய பெயருடையது. தமிழ்க் கையேடுகளிலும் உங்கள் மருத்துவப் பக்கத்திலும் இனி ‘உறைவுத் தடுப்பு மாத்திரை’ என்றே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
தோ பாயோ